இரண்டாம் கொம்பும் எலுமிச்சை உப்பலும்

வியன்னாவில் எத்தனையோ பிரபுக்கள் வீடு, எத்தனையோ சமையலறை. அதில் கடிகாரம் இல்லாத சமையலறை ஹோல்டர்பர்க் சீமாட்டி வீட்டில் மட்டும்தான். முன்பு ஒன்று இருந்தது. சமையல்காரி வல்புர்கா வேலைக்கு வந்த புதிதிலேயே அதைக் கழற்றி விறகறையில் போட்டுவிட்டாள்.

"அது பாட்டுக்கு ஓடிக்கிட்டுக் கெடக்கு. மேல என்ன நடக்குதுன்னு அதுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்ல யாருக்குத் துணிச்சல்?

மேலே நடப்பது விருந்து. விருந்தோடு சேர்ந்து வாத்தியம். ஓபோக் குழல் இரண்டு, கொம்பு இரண்டு, அடித்தொண்டையில் பேசும் பசூன் இரண்டு என்று ஆறு பேர். ஆறு பேரும் வீட்டு வேலைக்காரர்கள்தான். காலையில் விளக்குத் துடைத்து, விறகு சுமந்து, மதியம் சீருடை மாட்டிக்கொண்டு ஊத வேண்டும். எங்கள் ஊரில் ஒருவனை வேலைக்கு எடுக்கும்போது, சவரம் செய்துவிடத் தெரியுமா என்று கேட்ட கையோடு என்ன வாத்தியம் தெரியும் என்றும் கேட்பார்கள். காலமாகிப்போன பிரபு ஒரு சட்டம் வைத்துவிட்டுப் போயிருந்தார். வாத்தியம் ஒலிக்கும்போது பணியாள் எவனும் கால் எடுத்து வைக்கக் கூடாது. நின்ற இடத்தில் சிலையாக நிற்க வேண்டும். ஒரு பகுதி முடிந்த பிறகுதான் அடுத்த பதார்த்தம் உள்ளே போகலாம். ஆகவே எது எப்போது முடியும் என்று அடுப்படியில் இருப்பவளுக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

பழைய காலத்துச் சங்கீதமாக இருந்திருந்தால் அவள் பாடு திண்டாட்டம்தான். அதில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். ஒருவன் முடிக்கும் முன்னே அடுத்தவன் ஆரம்பிப்பான். பெரிய சங்கீதம்தான், மறுக்கவில்லை. ஆனால் வாத்து வேகும் வீட்டுக்கு ஆகாது. வல்புர்காவின் நல்ல காலம், அவள் நாளில் புது மோஸ்தர் வந்துவிட்டது. ஒருவர் கதை சொல்ல மற்றவர்கள் உம் கொட்டும் சங்கீதம். நாலு அடியில் ஒரு கேள்வி, நாலு அடியில் ஒரு பதில். உரக்கச் சொன்னதை அடுத்த மூச்சில் காதோடு காதாகச் சொல்லும். ஒரு மெட்டோடு வீட்டைவிட்டுக் கிளம்பும், ஊர் சுற்றும், எங்காவது வம்பில் மாட்டிக்கொண்டு முகம் வாடும், பிறகு கிளம்பின மெட்டோடு கிளம்பின சுருதிக்கே திரும்பி வந்து கதவைத் தட்டும். அடடா, என்ன தெளிவு! ஒளிவு மறைவு கிடையாது. அடுப்படியில் நிற்கிற ஒருத்திகூட 'சரி, ஆள் வீட்டுக்கு வந்தாச்சு' என்று கரண்டியைக் கீழே வைக்கலாம்.

அவள் அப்படித்தான் சமைத்தாள். கடைசிக்கு முந்தின பகுதியான நடன மெட்டு ஆரம்பித்தால் எலுமிச்சை உப்பல் அடுப்புக்குள் போகும். கடைசிப் பகுதியில் முதல் மெட்டு மூன்றாம் தடவை வீடு திரும்பினால் உப்பல் வெளியே வரும். மேலே கடைசி ஓசை அடங்கவும் பணியாள் அலோய்ஸ் கதவைத் திறக்கவும் சரியாக இருக்கும். உப்பல் என்றால் சாதாரணப் பண்டமில்லை. முட்டை வெள்ளைக்கருவை நுரைக்க நுரைக்க அடித்து, எலுமிச்சைத் தோலைச் சீவிப்போட்டு, பாத்திரத்தின் விளிம்புக்கு மேலே ஒரு சாண் எழுப்பிக் காட்டுவாள். காற்றால் ஆன பலகாரம் அது. கொஞ்சம் தாமதித்தால் பொசுக்கென்று அமுங்கிவிடும். வல்புர்காவின் உப்பல் அமுங்கியதாக அந்தத் தெருவில் யாரும் கேள்விப்பட்டதில்லை. அந்தக் கர்வம் அவள் நடையிலேயே தெரியும்.

அவளுக்கு இன்னொரு வசதியும் இருந்தது. அவள் கணவன் ப்ரோகோப்தான் இரண்டாம் கொம்பு.

போஹேமியாக் காட்டுக் காவலர் வீட்டில் பிறந்தவன் ப்ரோகோப். பெரிய உடம்பு, சின்னப் பேச்சு. இரண்டாம் கொம்புக்கு மெட்டு என்று ஒன்று கிடைக்கவே கிடைக்காது. ஓபோ பாடும், முதல் கொம்பு அவ்வப்போது தலைகாட்டும். இவன் அடியில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பான். பிறகு இன்னொன்று. அவ்வளவுதான். சாப்பிடுகிறவர் யாருக்கும் அவன் ஊதுவது கேட்காது. ஆனால் கொம்பின் வாய் ஊதுகிறவனுக்குப் பின்பக்கம் பார்த்திருக்கும். ப்ரோகோப்புக்குப் பின்பக்கம் இருந்தது சமையலறைப் படிக்கட்டின் கதவு. மெட்டெல்லாம் விருந்தாளிகளுக்குப் போகும். அவன் மூச்சு மட்டும் படிக்கட்டில் இறங்கி நேராக வல்புர்காவிடம் வரும்.

அந்தக் கொம்பில் விரல் வைக்கத் துளையும் கிடையாது, அமுக்கச் சாவியும் கிடையாது. பித்தளை வளையத்துக்கு என்ன சுருதியோ அதற்குள்தான் பாடும். சங்கீதம் வேற்றுச் சுருதிகளில் ஊர் சுற்றும்போது கொம்புக்காரன் கொம்பை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பான். வீடு திரும்பும்போது அவனுக்கு வேலை வரும். ஆகவே வல்புர்காவின் கணக்கு எளிது. மெட்டும் வந்து, கூடவே தன் ஆளின் கொம்பும் வந்தால், வீடு வந்தாச்சு.

துருக்கியோடு சண்டை மூண்ட வருஷம் வந்தது. பல வீடுகளில் வாத்தியக்காரர்களைக் கலைத்துவிட்டார்கள். சீமாட்டியின் வீட்டுக்கு ஒரு கர்னல் வந்துபோக ஆரம்பித்தார். அவருடைய பட்டாளம் வசந்தத்தில் தெற்கே பெல்கிரேடு பக்கம் போகிறது. முன்னால் ஊதிக்கொண்டு நடக்க ஆள் வேண்டும். ஆறு பேரையும் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டார். சீமாட்டிக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. வாத்தியம் அவள் கணவருடைய ஆசை. அவளுக்குப் பேச்சுதான் ஆசை. நவம்பரில் வரும் மார்ட்டின் திருநாள் விருந்து முடியும்போது பதில் சொல்கிறேன் என்றாள். என்ன பதில் என்று வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும்.

வல்புர்கா அழவில்லை. மாவைப் போட்டு அடித்தாள்.

"ஓடற குதிரைக்கு முன்னாடி நடந்துகிட்டே ஊதணுமாம்! மூச்சு முட்டாது? இந்த மனுஷனுக்குச் சந்தைக்குப் போய்வந்தாலே இளைக்குது!" என்று பாத்திரங்களிடம் முறையிட்டாள். சண்டைக்குப் போன முந்தின பட்டாளத்தில் பாதி ஆள் குண்டுபட்டுச் சாகவில்லை, காய்ச்சலில் செத்தார்கள் என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை.

வாத்தியக்காரர்களின் தலைவன் டொமினிக், முதல் ஓபோ. ஒல்லியான மனிதன், குறும்புக்காரன். திருநாளுக்கென்று அவனே புதிதாக ஒன்று எழுதினான். ஆறு பேரும் முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருந்த சலவை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பழகினார்கள். விஷயம் வெளியே போகக் கூடாது என்று எல்லோரிடமும் சத்தியம் வாங்கினான். ப்ரோகோப்பிடம் தனியாக ஒருமுறை.

"சமையல்காரி காதுல விழுந்தா ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி. புரியுதா?"

"புரியுது," என்றான் ப்ரோகோப். அவன் சத்தியம் பண்ணினால் பண்ணினதுதான்.

திருநாள் காலையில் சீருடைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அடுப்படிக்கு வந்தான். வல்புர்கா வாத்துக்கு ஆப்பிள் அடைத்துக்கொண்டிருந்தாள்.

"புது உருப்படி எப்படிய்யா இருக்கும்? கடைசிப் பகுதில மெட்டு எத்தனை தடவை திரும்புது? அதையாவது சொல்லு."

"சத்தியம் பண்ணிருக்கேன், வல்பி."

"கட்டினவகிட்டயுமா?"

"உன்கிட்ட சொல்ல மாட்டேன்னுதான் சத்தியமே."

"நல்லா இருக்குய்யா உன் சத்தியம்! என் உப்பல் அமுங்கினா யார் பதில் சொல்றது?"

அவன் வாசல்வரை போய்விட்டுத் திரும்பினான். "இன்னிக்கு என்ன ஆனாலும் பதறாதே" என்றான்.

"நீ பதறாதேன்னு சொன்னாலே எனக்குப் பதறும். போ, போ."

மதியம் விருந்தாளிகள் வந்தார்கள். வாத்து போயிற்று, சிவப்புக் கோசும் மாவு உருண்டையும் போயின. முதல் பகுதி, மெதுவான பகுதி, எல்லாம் ஒழுங்காக வந்து ஒழுங்காக முடிந்தன. நடன மெட்டு ஆரம்பிக்க, உப்பல் அடுப்புக்குள் போனது. வல்புர்கா பாத்திரம் கழுவுகிறவர்களை வாயை மூடச் சொல்லிவிட்டு, படிக்கட்டில் ஒரு காலை வைத்துக் காதைக் கொடுத்தாள்.

கடைசிப் பகுதி. என்ன அழகான மெட்டு! துள்ளிக்கொண்டு கிளம்பி, திரும்பி வந்தது. அடியில் ப்ரோகோப்பின் ஸ்வரம், திடமாக. மறுபடி கிளம்பி, மறுபடி வந்தது. ப்ரோகோப் இருந்தான். மூன்றாம் தடவை ஊர் சுற்றப் போனது. 'வரும், இதோ வரும்' என்று உப்பலை வெளியே எடுத்தாள். பொன் நிறத்தில் விளிம்புக்கு மேலே ஒரு சாண் எழுந்து நின்றது. அலோய்ஸ் துணியைப் போட்டு ஏந்திக்கொண்டான்.

மெட்டு வந்தது. கொம்பு வரவில்லை.

வல்புர்கா இன்னொரு படி ஏறினாள். அதே மெட்டுதான், சந்தேகமில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி ஏதோ இடம் மாறி இருந்தது. அது அவளுக்கு உறைக்கவில்லை. அவள் மனசு கொம்பில் இருந்தது. இத்தனை வருஷத்தில் அந்த மெட்டு வீட்டுக்கு வந்து அவன் வராமல் இருந்ததே இல்லை. மேலே ஓபோக்களும் பசூன்களும் ஏறிக்கொண்டே போயின, கொஞ்சம் உரக்க, இன்னும் உரக்க. விருந்தாளிகளும் அதற்கு மேலே கத்திப் பேசுவது கேட்டது. கொம்பு மட்டும் இல்லை. சட்டென்று எல்லாம் நின்றுபோனது. தடால் புடால் என்று முடிக்கும் கடைசி ஓசைகள் இல்லை. கைதட்டல் இல்லை. ஒரு சத்தமும் இல்லை.

"அய்யோ, என் ஆளுக்கு என்னமோ ஆயிடுச்சு!" என்றாள். அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துகிடப்பது அவள் கண்முன் வந்துவிட்டது. "போடா அலோய்ஸ், ஓடு! என்னன்னு பாரு!"

"வல்புர்காம்மா, முடிஞ்சுதா இல்லையான்னு..."

"போங்கறேன்ல!" என்று முதுகில் ஒன்று வைத்தாள். அலோய்ஸ் கையில் உப்பலோடு ஓடினான். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுப் போ என்று சொல்ல அவளுக்கும் தோன்றவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை.

மேலே நடந்தது இதுதான். ப்ரோகோப் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தான். டொமினிக் வைத்த பொறி அது. மெட்டை வேண்டுமென்றே தப்பான சுருதிக்குத் திருப்பிக் கூட்டிவந்து, விருந்தாளிகளை உரக்கப் பேசவைத்து, பேச்சின் நடுவில் சங்கீதத்தை அறுத்துவிடுவது. அறுத்தான். நிசப்தத்தில் அறை முழுக்கக் கேட்டது ஒரே ஒரு குரல். சீமாட்டியின் குரல்.

"...அள்ளிக்கிட்டுப் போங்க கர்னல்! இவங்க ஊதற ஊதல்ல எனக்குத் தின்னது செரிக்கிறதில்ல!"

கண்ணாடிக் கிண்ணம்கூட அதைத் திருப்பிச் சொன்னது. ஆறு வாத்தியக்காரர்களும் கேட்டார்கள். விருந்தாளிகள் தட்டைப் பார்த்தார்கள். சீமாட்டியின் முகம் சிவந்து, காது சிவந்து, கழுத்து சிவந்தது. அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. அலோய்ஸ் மூச்சிரைக்க உப்பலோடு வந்து சீமாட்டியின் முழங்கைப் பக்கம் நின்றான்.

அப்போதுதான் இரண்டாம் கொம்பு ஆரம்பித்தது. தனியாக, ஒரே ஸ்வரம், யாரையும் எழுப்பாத குரலில். அதன்மேல் ஓபோ அந்த மெட்டைச் சரியான சுருதியில் கொண்டுவந்து வைத்தது. கேள்வி மெதுவாக வந்தது, பதில் அதைவிட மெதுவாக. வாத்தியம் ஒலிக்கிறது, ஆகவே அலோய்ஸ் அசையக் கூடாது. அசையவில்லை. சீமாட்டியும் வாயைத் திறக்க முடியாமல், யார் முகத்தையும் பார்க்க முடியாமல், கண்ணெதிரே இருந்த உப்பலையே பார்த்தாள். அது விளிம்புவரை இறங்கியது. மெட்டு இன்னும் தணிந்தது. உப்பல் விளிம்புக்குள் போனது. கடைசியில் இரண்டு சின்ன ஓசை, அவ்வளவுதான். உப்பல் நடுவில் குழிந்து, ஒரு சுருங்கிய தொப்பியாகக் கிடந்தது.

பிறகு சீமாட்டி சிரித்தாள். கணவர் போன பிறகு அந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என் வாயையும் அடைச்சுட்டான், என் பலகாரத்தையும் அமுக்கிட்டான்! டொமினிக், உப்பலும் நீ எழுதினதுதானா?"

டொமினிக் குனிந்து வணங்கினான். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கெட்டிக்காரன். "சமையல்காரியக் கூப்பிடு" என்றாள் சீமாட்டி.

வல்புர்கா மாவுக் கையோடு வந்தாள். முதலில் ப்ரோகோப்பைப் பார்த்தாள். ஆள் உயிரோடுதான் இருக்கிறான் என்று தெரிந்ததும் அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பிறகு உப்பலைப் பார்த்தாள். முகம் செத்துவிட்டது. "உப்பல் அமுங்கினதும் உங்க ஏற்பாடுதானா?" என்று சீமாட்டி கேட்டாள். டொமினிக் கண்ணைச் சிமிட்டினான். 'ஏற்பாடுதான்னு சொல்லிடு' என்று அர்த்தம். சொல்லியிருக்கலாம். கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருக்கலாம்.

"யோசனை ஏற்பாடெல்லாம் ஒண்ணுமில்லம்மா," என்றாள். "மெட்டு வந்துச்சு, எங்க வீட்டுக்காரர் கொம்பு வரல. அப்புறம் எல்லாமே நின்னுபோச்சு. செத்துட்டாரோன்னு பயந்து அலோய்ஸை விரட்டிட்டேன். தப்புதான்."

"எந்தக் கொம்பு?"

"ரெண்டாவது கொம்பும்மா."

"அது எனக்குக் கேட்டதே இல்லையே!"

"கீழ எனக்கு அது மட்டும்தாம்மா கேக்கும்."

சீமாட்டியின் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் கணவரைப் பறிகொடுத்தவள். கொஞ்ச நேரம் மேசைத்துணியின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு டொமினிக்கிடம், "திரும்ப வாசி. கடைசிப் பகுதி முழுக்க," என்றாள். நல்லதை உடனே திரும்பக் கேட்பது எங்கள் ஊர் வழக்கம். ஆனால் அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. வாசித்தார்கள். யாரும் பேசவில்லை. சீமாட்டி கண்ணை மூடிக்கொண்டு, மெட்டை விட்டுவிட்டு, அடியில் இருப்பதைத் தேடினாள். அந்த நிசப்தம் வந்து, அதிலிருந்து ப்ரோகோப்பின் ஸ்வரம் எழுந்தபோது விரலைத் தூக்கினாள். கிடைத்துவிட்டது.

வல்புர்காவும் கதவோரம் நின்று கேட்டாள். படிக்கட்டு வழியாக இல்லாமல் முழுசாகக் கேட்டது அன்றுதான். அவன் பிடித்த பிடியின்மேல் அத்தனை அழகும் நிற்கிறது என்று கண்டாள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. இன்னும் கோபம் தீராததால் காட்டிக்கொள்ளவில்லை.

"மன்னிக்கணும் கர்னல்," என்றாள் சீமாட்டி. "இவங்கள அனுப்பறதா இல்ல. என் வாயை அடைக்க எனக்கும் ஆள் வேணும்."

கர்னல் சிரித்துக்கொண்டே வேறு வீடு தேடிப் போனார்.

அன்று சாயங்காலம் வல்புர்கா கணவனைப் பிடித்துக்கொண்டாள். "கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தியே, பாவி! ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"பதறாதேன்னு சொன்னேனே," என்றான் அவன்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. சீமாட்டிக்கு அந்தக் காட்சி பிடித்துப்போயிற்று. வருஷா வருஷம் மார்ட்டின் திருநாளுக்கு அதே உருப்படி வேண்டும், அதே நிசப்தத்தில் அதே உப்பல் வர வேண்டும், மெட்டு தணியத் தணிய எல்லோர் முன்னும் அது அமுங்க வேண்டும் என்று உத்தரவு. அடுப்புக் கதவை யாராவது திறந்தாலே அகப்பையைத் தூக்குகிறவள் வல்புர்கா. வேறொருத்தி என்றால் ஏனோதானோவென்று அடித்து அனுப்பியிருப்பாள், விழப்போகிறதுதானே! இவள் அப்படி இல்லை. தன் கைத்திறமையெல்லாம் போட்டு ஒரு சாண் எழுப்பி, அலோய்ஸ் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொள்வாள். பிரபுக்கள் சிரிக்கும் சத்தம் கீழே வரும். அதற்கு முன்னால் ப்ரோகோப்பின் ஸ்வரம் வரும். அது வந்தால் போதும் அவளுக்கு. அவன் பெல்கிரேடில் இல்லை, மேலேதான் இருக்கிறான். தன் கர்வத்தை ஒரு பெண் வருஷத்துக்கு ஒருமுறை இப்படிக் கிண்ணத்தில் வைத்து மேலே அனுப்பினாளே, அதற்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும்!

சண்டை முடிந்தது. வேறு சண்டை வந்தது. ஒரு குளிர்காலத்தில் ப்ரோகோப் நெஞ்சுச் சளியில் படுத்து, மூச்சு இளைத்து, சொந்தக் கட்டிலில், அவள் கையைப் பிடித்துக்கொண்டே போனான்.

அடுத்த மார்ட்டின் திருநாளுக்குப் புது ஆள் இரண்டாம் கொம்பை ஊதினான். வல்புர்கா உப்பலை எழுப்பினாள். தப்பான சுருதியில் மெட்டு வந்தது, ஏறியது, அறுந்தது. நிசப்தம். அலோய்ஸ் வழக்கம்போல ஒரு படி ஏறினான். அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, உப்பலை வாங்கி அடுப்பு வாசலின் சூட்டில் வைத்தாள்.

"நேரமாச்சு, வல்புர்காம்மா! இப்பப் போனாத்தானே விழும்?"

"இனிமே யாருக்காகடா விழணும்?" என்றாள்.

கொம்பு வந்தது. சுருதி சுத்தம், குறை சொல்ல ஒன்றுமில்லை. அவள் அதைக் கடைசிவரை கேட்டாள். இரண்டு சின்ன ஓசைகளும் முடிந்த பிறகு அலோய்ஸை அனுப்பினாள்.

உப்பல் தலை நிமிர்ந்து உள்ளே போனது. கிழவியாகிவிட்ட சீமாட்டி அதைப் பார்த்தாள். விருந்தாளிகள், ஏசப்போகிறாள் என்று காத்திருந்தார்கள். அவள் புதுக் கொம்புக்காரனை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, கரண்டியைத் தானே எடுத்து, மேலாக ஒரு வாய் அள்ளிச் சாப்பிட்டாள்.

"இத்தனை வருஷமும் இதையா விழ விட்டோம்?" என்றாள். "மிச்சத்தைக் கீழ கொண்டு போ அலோய்ஸ், நிக்கும்போதே அவளும் சாப்பிடட்டும்."

அலோய்ஸ் வாத்தியம் ஓய்ந்திருந்த அந்த அறையைக் கடந்து படிக்கட்டில் வேகமாக இறங்கினான்.